பேச்சுப் பெட்டிக்கு ஒரு கண்ணாடி

ஜனவரி 9

அன்புள்ள கோந்துக்கு,

அக்கா எழுதுவது. இங்கே இரண்டு பேரும் சுகம். நீ சுகமா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் எழுதுவாய். அதனால் கேட்கவில்லை, நானே நம்பிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மளிகைக் கடை போனுக்கு நீ கூப்பிட்டாய் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். நான் வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. பள்ளிக்கூடச் சீருடை தைக்க எடுத்து, துணி மலையாகக் குவிந்து கிடக்கிறது. கடைக்கு நடந்து போய்வர நேரமில்லை. இனிமேல் கடிதமே போதும். போனில் நான் ஒருத்தியே பேசுகிறேன், நீ 'ம்' கொட்டுவதோடு சரி. கடிதத்திலாவது நாலு வரி எழுதுகிறாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அத்தானுக்கு ஒரு சின்ன எல்சிடி வேண்டுமாம். கால்குலேட்டரில் எண் தெரியுமே, அந்த மாதிரி. ஆனால் இதில் தமிழ் எழுத்து தெரிய வேண்டும். முன்னறையில் பொத்தானை அமுக்கினால் பின்னறையில் ஒரு வரி வர வேண்டும் என்று யாரோ வாடிக்கையாளர் கேட்கிறாராம். யார் என்று என்னைக் கேட்காதே. நீ அந்தச் சாமான் விற்கிற கடையிலேயே குடியிருப்பதால் உன்னிடம் வாங்குவதுதான் நியாயம் என்கிறார்.

வேலை நிரந்தரம் ஆகும்வரை லீவு கீவு என்று முதலாளி முன்னால் போய் நிற்காதே. இங்கே ஒரு குறையும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். நீ நம்பிக்கொண்டபடியே.

அத்தானிடம் சொல், இது கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி இல்லை. எங்கள் கடையில் மலிவாகக் கிடைப்பது இரண்டு வரி எல்சிடி. அதற்குள் ஆங்கில எழுத்தைத்தான் பிறவியிலேயே போட்டு வைத்திருக்கிறார்கள். நம் இஷ்டத்துக்கு எட்டே எட்டு உருவம் வரைந்துகொள்ளலாம். 'என்னங்க' என்று எழுதினாலே ஐந்து போய்விடும். மீதி மூன்றை வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் என்ன பேசுவார்? புள்ளி புள்ளியாக வரைகிற பெரிய வகைதான் வேண்டும். அது கப்பலில் மொத்தமாக வருகிறது, பெட்டியைப் பிரித்து ஒன்றிரண்டு தர முதலாளிக்கு மனசு வராது. கெஞ்சிப் பார்க்கிறேன்.

சில கேள்விகள். வைக்கிற அறை வெளிச்சமா, இருட்டா? கரண்டில் ஓடுமா, பேட்டரியிலா? பார்க்கிறவர் உட்கார்ந்து பார்ப்பாரா, நின்றா? எல்சிடிக் கண்ணாடியை ஒரு பக்கம் இருந்து பார்த்தால்தான் எழுத்து தெளிவாகத் தெரியும், மறுபக்கம் வெளிறிவிடும்.

வரும் ஞாயிறும் போன் செய்வேன். சீருடையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வா. உன் குரலைக் கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை மாதிரியே இல்லை.

கோந்து


ஜனவரி 29

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுத வராது என்பது உனக்குத் தெரியும். இத்தனை வருஷமும் உன் அக்கா எழுதுவதற்குக் கீழே கையெழுத்துப் போட்டதோடு சரி. இது அவளுக்குத் தெரியாமல் எழுதுவது.

டிசம்பரில் அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. கட்டி. குரல்வளையோடு எடுத்துவிட்டார்கள். கட்டி முழுதும் போய்விட்டது, பயமில்லை என்கிறார் டாக்டர். குரலும் போய்விட்டது. கழுத்தில் ஒரு துளை இருக்கிறது, மூச்சு அது வழியாகத்தான். உனக்குச் சொல்லக்கூடாது என்று சிலேட்டில் எழுதிக் காட்டினாள். சரி என்றேன். அழித்துவிட்டு மறுபடியும் அதையே எழுதிக் காட்டினாள். தெரிந்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்பது அவள் கவலை.

எங்கள் வீடு உனக்குத் தெரியும். முன்னறையில் அவள் தையல் மெஷின், பின்னறையில் நானும் பிரித்துப் போட்ட ரேடியோக்களும். மெஷினை மிதித்துக்கொண்டே நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசுவாள். நான் சால்டரிங் வைத்துக்கொண்டே 'ம்' போடுவேன். கொஞ்சம் வாயை மூடேன் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து எழுந்து வந்து என் தோளைத் தட்டினாள். இப்போது வருவதில்லை. சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே விட்டுவிடுகிறாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. வியாதி போய்விட்டது, ஆனால் அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறாள்.

ஒரு மணி வாங்கி மாட்டினேன். 'மணி அடிச்சு உங்களைக் கூப்பிட நான் என்ன ஆபீசரா' என்று எழுதிக் காட்டி அன்றைக்கே கழற்ற வைத்தாள். அதனால்தான் இந்தப் பெட்டி. நான் உட்கார்ந்துதான் பார்ப்பேன். அறை இருட்டு. கரண்டு அடிக்கடி போகும்.

உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. எனக்குப் பதில் எழுதினால் மளிகைக் கடை விலாசத்துக்குப் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தான்


பிப்ரவரி 6

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் பார்சல் கட்டுகிற அறையில் நின்று படித்தேன். நின்றபடி படிக்க முடியவில்லை, மாடிப்படியில் போய் உட்கார்ந்து முடித்தேன். மூச்சு வாங்கச் சிரமப்படுகிறாளா? தூங்குகிறாளா? அதை மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

வரட்டுமா என்று கேட்கவில்லை. வந்து நின்றால் நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்று தெரிந்துவிடும். பிறகு சிலேட்டால் உங்களுக்குத்தான் அடி விழும்.

இரண்டு எல்சிடி தபாலில் அனுப்பியிருக்கிறேன். இவை ஏற்கெனவே பிரித்த பெட்டியில் கிடந்தவை. முதலாளி கண்டுகொள்ளவில்லை. காகித உறையிலிருந்து எடுக்கும்போது பின்பக்கத்தை விரலால் தொடாதீர்கள். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கை ஏதாவது எழுதிக்கொண்டே இருந்தால் தேவலை போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

கோந்து


பிப்ரவரி 24

அன்புள்ள கோந்துக்கு,

சுகம், சுகம். அங்கே மழை என்று பேப்பரில் போட்டிருந்தது. குடை வாங்கினாயா?

உன் பார்சல் வந்த லட்சணத்தை எழுதுகிறேன் கேள். ஒரே ஒரு அட்டையைச் சுற்றி அனுப்பியிருக்கிறாய். நான் சட்டைப் பட்டன் அனுப்பினால்கூட அதைவிடப் பத்திரமாகக் கட்டுவேன். ஒன்றில் மூலை விரிசல் விட்டு, மை கொட்டியது மாதிரி கறுப்பு பரவிக் கிடக்கிறது. இன்னொன்றில் விளக்கு அழகாக எரிகிறது, எழுத்து மட்டும் வரமாட்டேன் என்கிறது. உன் அத்தான் அதை முன்னால் வைத்துக்கொண்டு சாப்பாட்டைக்கூட மறந்து உட்கார்ந்திருக்கிறார். பாவமாக இருக்கிறது. விட்டுவிடுங்கள், அந்த வாடிக்கையாளருக்கு ஒன்றும் அவசரமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

உண்மையிலேயே அவருக்கு அவசரமில்லை, கோந்து. பொறுமையான ஆள். பேசித்தான் ஆக வேண்டும் என்று என்ன இருக்கிறது? நான்கூட இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. அத்தானுக்கு வீடு அமைதியாக இருக்கிறது. நீ வீணாக அலையாதே.

போன் செய்து காசைக் கரியாக்காதே.

உன் அக்கா


மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். குடை வாங்கிவிட்டேன். பஸ்ஸில் விட்டுவிட்டேன். இன்னொன்று வாங்கிவிட்டேன்.

எழுத்து வராததற்கு அத்தான் காரணமில்லை, நான்தான். அந்த வகைக்கு ஐந்து வோல்ட் மட்டும் போதாது. எழுத்துக் கறுப்பாக எழும்ப, பூஜ்யத்துக்குக் கீழே மைனஸ் வோல்ட் தனியாகக் கொடுக்க வேண்டும். அதைச் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். மைனஸை உள்ளேயே தயாரித்துக்கொள்கிற வகையும் இருக்கிறது. புதுப் பெட்டி கப்பலிலிருந்து இறங்கியதும் அதில் ஒன்று அனுப்புகிறேன். இந்த முறை இரண்டு மரப்பலகைக்கு நடுவில் பஞ்சு வைத்துக் கட்டி, தபாலில் போடாமல் பஸ் டிரைவர் கையில் கொடுத்து அனுப்புவேன்.

நீலக் கண்ணாடி பார்க்க அழகு, ஆனால் விளக்கு அணைந்தால் ஒன்றும் தெரியாது. கரண்டு போகிற வீட்டுக்கு மஞ்சள் பச்சைதான் சரி. கண்ணாடி சாப்பிடுகிற மின்சாரம் எறும்புத் தீனி. பின்னால் எரிகிற விளக்குதான் பேட்டரியைக் குடிக்கும். அதனால் பொத்தானை அமுக்கும்போது மட்டும் எரிந்து, பிறகு தானாக அணைகிற மாதிரி செய்யச் சொல். நாலு டார்ச் செல்லும் நடுவில் ஒரு டயோடும் போட்டால் வோல்ட் சரியாக இருக்கும், கரண்டு போனாலும் ஓடும்.

வாடிக்கையாளருக்கு அவசரம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். இருக்கட்டும். எனக்கு அவசரமாக இருக்கிறது. பேசாமல் இருந்து பழகிவிடப் போகிறார் என்று பயமாக இருக்கிறது. அவரிடம் அப்படியே சொல்.

கோந்து


மார்ச் 17

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். மூச்சுக்குச் சிரமம் இல்லை, தூங்குகிறாள். கழுத்தை மூட, உடுத்துகிற துணிக்குப் பொருத்தமாக அவளே பட்டைகள் தைத்துக்கொள்கிறாள். நீ கடைசியாக எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். சந்தேகம் வந்துவிட்டதோ என்று பயந்தேன். பிறகு கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தைக்கப் போய்விட்டாள்.

சிப்பில் வாசகங்களை ஏற்றிக் கொடுக்க உங்கள் கடையில் ஆள் உண்டு என்று முன்பு ஒருமுறை சொன்னாயே, அந்த உதவி வேண்டும். பொத்தானுக்கு ஒரு பழைய டெலிபோனின் எண் பலகையைப் போட்டிருக்கிறேன். பன்னிரண்டு பொத்தான், பன்னிரண்டு வாசகம். யோசித்து எழுதியிருக்கிறேன்: உடனே வரவும். மூச்சு அடைக்கிறது. வலிக்கிறது. தண்ணீர் வேண்டும். மருந்து வேண்டும். பசிக்கிறது. குளிர்கிறது. டாக்டரைக் கூப்பிடவும். யாரோ வந்திருக்கிறார்கள். தூங்கப் போகிறேன். ஆம். இல்லை.

போதும் என்று நினைக்கிறேன்.

அத்தான்


ஏப்ரல் 21

அன்புள்ள அத்தானுக்கு,

நலமா? பதிலுக்கு இத்தனை நாள் ஆனதற்கு மன்னிக்கவும். கப்பல் தாமதம், அதன் பிறகு பெட்டியைப் பிரிக்க முதலாளியின் மனசு தாமதம். அதற்கும் மேல் எங்கள் டெஸ்டிங் மேசைக்காரர். அவரை நாங்கள் சிடுமூஞ்சி என்போம். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்துதான் சிப்பில் ஏற்ற வேண்டும். "யாருக்குய்யா இது?" என்று எரிந்து விழுந்தார். சொன்னேன். மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அவரே வரைந்தார். 'ணு'வை மட்டும் மூன்று தரம் அழித்து வரைந்தார்.

அத்தான், ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். உங்கள் பட்டியலில் முதல் இரண்டை அப்படியே வைத்திருக்கிறேன். ஆபத்துக்கு அவை வேண்டும். மற்றதை எல்லாம் எடுத்துவிட்டேன். அது ஆஸ்பத்திரிக் கட்டில் பேசுகிற பேச்சு. அக்கா என்றைக்கு 'தண்ணீர் வேண்டும்' என்று சொல்லியிருக்கிறாள்? அவளே எழுந்து போய்க் குடித்துவிட்டு, உங்களையும் குடிக்கச் சொல்லித் திட்டுவாள். அந்தப் பத்துப் பொத்தானுக்கும் நானாக வாசகம் போட்டிருக்கிறேன். நீங்களே யோசித்துப் போட்டதாகச் சொல்லிக்கொள்ளுங்கள். முதலில் அமுக்கிப் பார்க்காதீர்கள். அவளே அமுக்கட்டும்.

பார்சல் நாளை பஸ்ஸில் வருகிறது.

கோந்து


மே 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பார்சல் பத்திரமாக வந்தது. கறுப்பைக் கூட்டிக் குறைக்கிற பிரிசெட்டைத் திருகியதும் எழுத்து கறுகறுவென்று எழும்பியது. சமையலறைச் சுவரோரமாக வயர் இழுத்தேன். மெஷினுக்குப் பக்கத்தில் எண் பலகை, என் மேசையில் கண்ணாடி. முதல் பொத்தானை அமுக்கச் சொன்னேன், 'உடனே வரவும்' என்று வந்தது, போனேன். தலையாட்டினாள். சோதனைக்கு வந்த நர்ஸைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். நான் திரும்பி வந்து வேலையைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடியில் விளக்கு எரிந்தது. 'அடுப்புல பால் பொங்குது. காதை யாருக்காவது கடன் குடுத்துட்டீங்களா' என்று இருந்தது. அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே சால்டரிங்கைப் போட்டுவிட்டு ஓடினேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. முன்னறை வாசலில் அவள் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். இப்போது சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும்தான் குலுங்கும். நான் திரும்பி வருவதற்குள் 'நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீங்க பாட்டுக்குப் போனா என்ன அர்த்தம்' என்று வந்துவிட்டது.

மாப்பிள்ளை, எனக்குத் திட்டு விழுந்து எத்தனை மாதமாகிறது. தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுததை அவளும் பார்த்தாள்.

அவள் ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே வந்தாள், நான் ஓடி ஓடிப் போய் என்ன வந்தது என்று சொன்னேன். கடைசிப் பொத்தானுக்கு வந்த வரி மட்டும் எனக்குப் புரியவில்லை, எழுந்து போகாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டுமே, என் மேசைக்கே வந்து கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு போய் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நேற்று முழுக்கப் பலகையைத் தொடவில்லை. 'வெச்சிடாதே, இன்னும் ஒண்ணு இருக்கு' என்று இருந்தது. இது யார் சொல்வது? எனக்கு ஞாபகமே இல்லை.

அத்தான்


மே 6

கோந்து,

சுகமா என்று நான் கேட்கப்போவதில்லை. நீயும்தான் ஒரு கடிதத்திலாவது என்னைக் கேட்டாயா? கேட்டால் நான் பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்றுதானே கேட்காமல் விட்டாய். இப்போது புரிகிறது.

ஒவ்வொரு பொத்தானாக அமுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் அந்த மனுஷன் படித்துச் சிரித்துக்கொண்டே ஓடி வந்து, என்ன வந்தது என்று சொன்னார். இருபது வருஷம் 'ம்' கொட்டிக்கொண்டே இத்தனையும் கேட்டு வைத்திருக்கிறாரே என்று மனசு இளகிப் போனேன். அந்தப் புண்ணியத்தையும் நீ கெடுத்தாய். 'வெச்சிடாதே' என்று நான் இந்த வீட்டில் யாரிடம் சொல்லப்போகிறேன்? அது மளிகைக் கடைப் போனில் உன்னிடம் மட்டும் சொல்வது. கண்ணாடியில் அதைப் பார்த்ததும் உனக்கு எல்லாம் தெரியும் என்று தெரிந்துவிட்டது. நான் நடித்ததெல்லாம் வீண். பொறுமையான வாடிக்கையாளராம். எனக்கே வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. ஒருநாள் முழுக்க யார்மேல் கோபம் என்று முடிவு செய்ய முடியவில்லை. அத்தானிடம் சிலேட்டில் கேட்டேன், ஒத்துக்கொண்டு, நீ அவருக்கு எழுதிய கடிதங்களையும் எடுத்துக் கொடுத்தார்.

இனி உண்மையை எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் 'என்னங்க' என்று கூப்பிட்டேன். சத்தம் வரவில்லை. முன்பே சொல்லித்தான் செய்தார்கள், ஆனாலும் கூப்பிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு எழுதிக் காட்ட உட்கார்ந்தால், எழுதி முடிப்பதற்குள் சொல்ல வந்தது ஆறிப்போகும். 'காதைக் கடன் குடுத்துட்டீங்களா' என்பதை யாராவது சிலேட்டில் எழுதிக் காட்டுவார்களா? தண்ணீர், மருந்து என்று எழுதலாம். நான் தண்ணீரும் மருந்தும் மட்டும் கேட்கிற ஆளாகிக்கொண்டிருந்தேன். அது எனக்கே தெரிந்தது. தெரிந்தும் எழுந்து வரச் சோம்பலாக இருந்தது. அதை உன்னிடம் எப்படி எழுதுவது?

நீ அழுதாயா? அழுதிருப்பாய். சின்ன வயதில் உன்னைக் கோந்து என்று கூப்பிட்டதே அதற்குத்தான், அழுதுகொண்டே என் காலில் ஒட்டிக்கொள்வாய்.

இந்த ஞாயிறு மளிகைக் கடைக்குப் போகிறேன். கடைக்காரரிடம் எழுதிக் காட்டிவிட்டேன். நீ போன் செய்து பேசு, நான் கேட்கிறேன். ரிசீவரை நகத்தால் ஒரு தரம் தட்டினால் ஆமாம். இரண்டு தரம் தட்டினால் இல்லை. விடாமல் தட்டினால் திட்டுகிறேன் என்று அர்த்தம். ஆனால் ஒன்று, கிளம்பி வருகிறேன் என்று மட்டும் சொல்லாதே. வேலை நிரந்தரமாகட்டும். அதுவரை நான் எங்கேயும் போய்விட மாட்டேன்.

சிடுமூஞ்சிக்கு என் வணக்கத்தைச் சொல். அவர் வரைந்த 'ணு' நன்றாக இருக்கிறது.

உன் அக்கா


ஞாயிறு, மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

போன் பேசிவிட்டு வந்து, ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ நன்றாக இருக்கிறாயா? இந்த முறை நிஜமாகக் கேட்கிறேன்.

என்ன பேச வேண்டும் என்று ஒரு தாள் முழுக்க எழுதி எடுத்துப் போயிருந்தேன். கடைக்காரர் "இந்தாங்கம்மா, உங்க தம்பி" என்று உன்னிடம் கொடுத்தது கேட்டது. அப்புறம் உன் மூச்சு கேட்டது. அவ்வளவுதான், எனக்கு வாய் வரவில்லை. 'அக்கா' என்றுகூட வரவில்லை. நீ ஒரு தரம் தட்டினாய். நான் பேசவில்லை. மறுபடி ஒரு தரம் தட்டினாய். அதன் பிறகு விடாமல் தட்டினாய், காசு தீரும்வரை நிறுத்தாமல் தட்டினாய். பின்னால் வரிசையில் நின்றவர் "லைன் கட்டாயிடுச்சா தம்பி? வெறும் டக்டக்னு சத்தம் வருது" என்றார். "இல்லைங்க, எங்க அக்கா பேசறாங்க" என்றேன். எனக்கு வாய் வந்ததே அப்போதுதான்.

முதலாளி வீட்டுக்கு நேராகப் போய், லீவு வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் இங்கே வந்து உட்கார்ந்தேன். "போயிட்டு வா, மத்ததை அப்புறம் பார்க்கலாம்" என்றார். அந்தப் 'பார்க்கலாம்' எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சாயட்டும். செவ்வாய்க்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று.

வராதே என்று பதில் எழுதாதே, அக்கா. அந்தக் கடிதம் இங்கே வந்து கதவைத் தட்டும்போது, நான் உன் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திட்டு வாங்கிக்கொண்டிருப்பேன்.

கோந்து